பாய்

ஈஸ்டருக்கு முன் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.
குளிர்காலம் முழுக்க நான் குடியிருந்த அறைக்கு
இனி செப்டம்பர் வரை
வாரத்துக்கு ஒரு குடும்பம் வரும், கடல் பார்க்க.
அவர்கள் போனதும் விரிப்பு மாற்றுவதும் நான்தான்.
குளியலறை வடிகாலிலிருந்து
என் தலைமுடியை நானே உருவி எடுப்பேன்,
மணிக்குப் பன்னிரண்டு பவுண்டுக்கு.

கையிருப்பு மூவாயிரத்து இருநூறு.
இதை வைத்துக்கொண்டு வீடு கேட்டால்
பென்ரினில் சிரிப்பார்கள்.
படகு கேட்டால்
கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிப்பார்கள்.

ஆறு படகு பார்த்தேன்.
ஒன்றின் படுக்கைக்கடியில் காளான், குடை விரித்து.
ஒன்றை விற்க வந்தவன்
நான் குனிந்த இடத்திலெல்லாம் முந்திக்கொண்டு குனிந்தான்.
மற்றவை நினைவில்லை, மழை.

ஏழாவது இருபத்தாறு அடி,
எழுபத்து மூன்றில் வார்த்த கண்ணாடியிழை.
பெயர் பெட்ரெல்.
கடற்பறவை, என்றான் பிரான் ஹோஸ்கிங்.
எஞ்சின்?
டீசல்.
ஓடுமா?
பறவைக்கு எதற்கு எஞ்சின், என்றான்
முகம் பார்க்காமல்.

ஆய்வாளரை அழைத்தால் நானூற்றைம்பது.
அந்தக் காசுக்கு ஒரு நங்கூரம், சங்கிலியோடு வரும்.
ரொட்டி வண்டி ஓட்டும் மெரின்
தன் டாஷ்போர்டைக் கிளறி
ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கொடுத்தாள்.
கைப்பிடிப் பக்கமாகப் பிடித்து
சட்டி வாங்குபவள் போல
மேல்தளத்தை முன்மூக்கிலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன்.
டங். டங். டங்.
பாய்மரம் ஊன்றிய இடத்தில்,
தொப்.
மறுபடி தட்டினேன். தொப்.
ரொட்டியும் இப்படித்தான், என்றாள் மெரின்
கரையில் நின்றபடி.
தொப் என்றால் உள்ளே வேகவில்லை.

அது எனக்குத் தெரியாது, என்றான் பிரான்.
ஒரு கடற்காகம் வந்து உட்கார்ந்து எழுந்து போனது.
தெரியும், என்றான்.
மூன்று மழைக்காலமாகத் தெரியும்.
ஜூனில் குழந்தை. ஏணியில் அவளால் இறங்க முடியவில்லை.
இரண்டு அறை வீடு ஒன்று பார்த்திருக்கிறோம்,
முன்பணம் இரண்டாயிரத்து அறுநூறு கேட்கிறான்.

நாலாயிரம் என்று எழுதித் தொங்கிய அட்டையை
அவனே கழற்றினான்.
ரொட்டிக் கணக்குத் தாளின் பின்புறம் எழுதிக் கையெழுத்திட்டோம்:
படகு ஒன்று, இருந்த நிலையிலேயே.
நானும் இருந்த நிலையிலேயேதான்.
இனி எவனுக்கும் வாடகை இல்லை என்று
எண்ணிக் கொடுத்த பணம்
இரவுக்குள் எவனோ ஒரு வீட்டுக்காரனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மிச்சம் அறுநூறு.
சேற்றில் கட்டிவைக்க மூன்று மாதத்துக்கு இருநூற்றுப் பத்து,
பிறகு கயிறு, கேஸ், தார்ப்பாய்.
கணக்கை அங்கேயே நிறுத்திவிட்டேன்,
அதற்குமேல் எழுத எழுத
பென்சில்தான் தேய்ந்தது.

முதல் இரவு பதினொன்றுக்கு ஆறு வற்றிப் போனது.
யாரோ மெதுவாகத் தோள் கொடுப்பதுபோல்
படகு ஒரு பக்கம் சாய்ந்தது.
கெட்டில் தானாக நடந்துபோய்க் கதவில் முட்டியது.
தொப் என்ற இடத்தின் வழியே
மழை என் மெத்தையைக் கண்டுபிடித்தது.
மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டு
முன்னறையில் மூட்டையாகக் கிடந்ததை இழுத்து அவிழ்த்தேன்,
ஓரம் கிழிந்த, உப்பில் விறைத்த பழைய பாய்.
பாய் விரித்துப் படுத்தேன்.
சொல்லில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

விடியலில் தண்ணீர் வந்து எங்களை நிமிர்த்தியது.
எட்டு மணிக்கு வேலை, பழைய அறையில்.
லீட்ஸிலிருந்து வந்த குடும்பம் கிளம்பியிருந்தது,
கட்டிலுக்கடியில் ஒற்றைக் காலுறையை விட்டுவிட்டு.
குளிர்காலம் முழுக்க
அந்த ஜன்னலை நான் துடைத்ததே இல்லை.
சம்பளத்துக்குத் துடைத்தேன்.
கூரைகளுக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் பின்னால்
ஆறு தெரிந்தது.
கோணலாக ஒரு கம்பமும்,
அதில் காயப்போட்ட என் மெத்தை உறையும்.