ஒன்பது நாள் குறைவு

கடை என்னுடையதல்ல.
தட்டச்சு செய்யும் விரல்கள் மட்டும் என்னுடையவை.
ஊத்தான் மெலிந்தாங், பழைய சந்தைக்கு எதிரே
ஜெராக்ஸ், லேமினேட், ஐசிக்குப் படம்,
தேர்தல் வந்தால் வேட்புமனு.

தனபாக்கியம் வந்தபோது
செம்பனை லோரி ஒன்று வாசலை அடைத்து நின்றது.
பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு ரசீதை
கல்யாணப் பத்திரிகைபோல் நீட்டினாள்.
"பாரு, முழுசா கட்டிட்டேன். நான் நிக்கலாம்தானே?"

முதலில் தொகையைப் பார்த்தேன்.
பிறகுதான் தேதியை.

அந்த நாள் எனக்கும் தெரியும்.
லயத்தை இடிக்கப் புல்டோசர் வந்த காலை
மண்பாதையில் பாய் விரித்து ஆறு பேர் உட்கார்ந்தார்கள்.
தெலுக் இந்தான் கோர்ட்டில் வக்கீல்
ஆயிரத்துத் தொள்ளாயிரம், ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று மன்றாடினார்.
நூறு வெள்ளிக்கு ஏன் இத்தனை கெஞ்சல் என்று நினைத்தோம்.
மாஜிஸ்திரேட்டுக்கு முழு எண் பிடித்திருந்தது.
தலைக்கு இரண்டாயிரம்.
ஜெயில் இல்லை என்றதும் கைதட்டத் தெரிந்தோம்,
போலீஸ்காரர் முறைத்தார்.
சங்கிலிகள் அடகுக்குப் போயின,
மீதிக்கு மைலோ டின் தெருத்தெருவாய்ப் போனது.
அவளுடைய கடைசி நூறைப் போட்டவள்
ஆப்பக்கடை அம்பிகை.
சட்டமன்றத்தின் கதவு
அந்த ஒற்றைத் தாளுக்குள் மடிந்து கிடந்ததை
அவளும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

"அஞ்சு வருஷம் ஆகணும்" என்றேன்.
"ஆச்சே."
"ஒன்பது நாள் குறையுது."

மளிகைக்கடைக் காலண்டரிடம் போய் நின்றாள்.
விரலால் எண்ணினாள், மறுபடி எண்ணினாள்,
ஞாயிறுகளைக் கழித்தும் பார்த்தாள்.

"அப்ப நீ நில்லேன்."
சிரித்தேன்.
தம்பியின் லோரிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் நான்.
லோரி போனது, தம்பி போனான்,
கையெழுத்து மட்டும் போகவில்லை.
திவாலானவள் ஓட்டுப் போடலாம், ஓட்டுக் கேட்க முடியாது.
லோகநாயகி டீச்சர் வாங்குவது அரசாங்கச் சம்பளம்.
வேலையை விட்டால் வீட்டுக்கடன்
அவளையும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார வைக்கும்.

தோட்டத்தைக் கூறுபோட்டு விற்ற கம்பெனியைத் தடுக்க
இந்தப் பாரத்தில் ஒரு வரியும் இல்லை.
கம்பெனி தேர்தலில் நிற்பதில்லை.
நிற்பவர்களை நிறுத்தும்.

"சவரிமுத்து" என்றாள் திடீரென்று.
நான் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அன்று பாயில் முதலில் உட்கார்ந்தவன் அவன்தான்.
வெயில் ஏறியதும், ஐஸ் வாங்கி வருகிறேன் என்று
மோட்டார் சைக்கிளை எடுத்தான்.
போலீஸ் லோரி வந்தது. அவன் வரவில்லை.
ஐந்து வருஷமாய் அவன் பெயரே ஐஸ்.

சாயங்காலம் வந்தான், தலைக்கவசத்தைக் கழற்றாமல்.
"நான் ஓடிப்போனவன், அக்கா."
"அதனாலதான் உன் பேரு எந்த ரெக்கார்டுலயும் இல்ல."
குத்தலா, கணக்கா?
அவள் முகத்தில் இரண்டுக்கும் இடம் இருந்தது.

பாரத்தை நிரப்பினேன்.
தகுதியிழந்தவன் அல்லன் என்று உறுதி கூறுகிறேன்
என்ற இடத்தில் அவன் விரல் நின்றுவிட்டது.
மின்விசிறி நாலைந்து முறை தாளைத் தூக்கியது.
"இது பொய்யில்லையா?"
"சட்டப்படி இல்லை" என்றேன்.
வேறு எந்தப்படி என்று அவன் கேட்கவில்லை.

முன்மொழிபவர் தனபாக்கியம்.
வழிமொழிபவர் நான்.
எங்களுக்கென்று மூடாமல் விட்ட இரண்டு கட்டங்களில்
பெயர்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தன.

"இருங்க, குடிக்க ஏதாச்சும் வாங்கிட்டு வரேன்"
என்று சாவியை எடுத்தான்.
மோட்டார் சைக்கிள் சந்தை முனையில் திரும்பியது.
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
அவள் ரசீதை மடித்தாள், விரித்தாள்.
நான் ஏற்கெனவே அணைத்த கணினியை மறுபடி அணைத்தேன்.

இருபது நிமிஷம்.

மூன்று பொட்டலம் தே ஓ ஐஸ்,
விரலில் மாட்டிய கயிறுகளோடு.
ஐஸ் பாதிக்குமேல் கரைந்திருந்தது.
"கூட்டம்" என்றான்.
குடித்தோம்.