மிச்சம் ஒன்று

மாரிவிக் மணிலாவுக்குப் போன அன்று
கட்டிலுக்கடியில் விட்டுப்போனவை
ஒரு மின்சாரக் கெட்டில்,
அட்டை கிழிந்த ஆங்கில அகராதி.
கெட்டிலுக்குச் சண்டை நடந்தது.
அகராதி எனக்கு வந்தது.

அஜ்மான் தொழிற்பேட்டையில் தையல் கம்பெனி,
பேக்கிங்கில் எண்ணுவது என் வேலை.
எண்களைத்தான் முதலில் தேடினேன்.

டஜன் பிரெஞ்சுக்காரர் தந்தது.
எனக்கு அது பாலித்தீன் உறைக்குள்
காலர் நிமிர்ந்த பன்னிரண்டு சட்டைகள்,
அவ்வளவுதான்.

ஹண்ட்ரட். முன்னொரு காலத்தில்
நூற்றிருபதையும் அப்படித்தான் சொன்னார்களாம்.
படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
எங்கள் சூப்பர்வைசருக்கு இது எப்படித் தெரியும்?
ஷிப்டுக்கு நூறு என்று சொல்லி
நூற்றிருபது முடிந்த பிறகுதானே
விளக்கை அணைக்கிறார்.

தவுசண்ட் என்றால் வீங்கிய நூறு.
இதற்கு அகராதி வேண்டாம், நானே பார்த்திருக்கிறேன்:
எக்ஸ்சேஞ்ச் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்
நூறு திர்ஹாம்.
அந்தப் பக்கம் ஆயிரங்களாய் வீங்கி
பாளையங்கோட்டையில் இறங்கும்.
வட்டிக்காரர் ஊசியோடு காத்திருப்பார்.

லெவனில்தான் நின்றுவிட்டேன்.
பத்து விரலையும் மடக்கிய பின்
மிச்சம் ஒன்று.
அதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருளாம்.

பத்துக் கட்டில் போட்ட எங்கள் அறையில்
ஃப்ரிட்ஜுக்கும் கதவுக்கும் நடுவே
பாய் விரித்துப் படுக்கிறாள் ஜெபக்கனி.
விசிட் விசாவில் வந்தவள்.
இரவில் யார் கழிப்பறைக்குப் போனாலும்
கதவு அவள் காலில்தான் இடிக்கும்.

"தமிழ் இப்படி ஒதுக்காது" என்றேன்,
"பதினொன்று. பத்தோடு ஒன்றைச்
சேர்த்துக்கொள்கிறோம், பார்."
மேல் கட்டிலிலிருந்து பௌசியா
போர்வைக்குள்ளிருந்தே சொன்னாள்:
"ஆமா. பத்தோட பதினொண்ணு."
அதற்குமேல் நான் பேசவில்லை.

சம்பள நாளில் கணக்கர்
பட்டியலின் அடியில் பென்சிலில் கிடந்த
அவள் பெயரைத் தொட்டு
"சிஃப்ர்" என்றார்.
கணக்கு நோட்டில் வாத்தியார் சிவப்பில் சுழித்த
அதே சைபர்தான்.
இது அதன் பிறந்த வீடு.
இங்கே அதை எவ்வளவு மெதுவாகச் சொல்கிறார்கள்!
காலி என்று பொருள்.

அன்றிலிருந்து
நூல் வெட்டும் கத்தரியின் முனையால்
ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில்
நாளுக்கொரு கோடு கீறுகிறாள்.
இருபதாவது கோட்டின் இரவில்
எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்:
ஆட்டை எண்ணியவர்கள்
இருபதுக்கொரு வெட்டு கோலில் போட்டிருப்பார்கள்.
வெட்டுக்கும் இருபதுக்கும் ஒரே பெயர்,
ஸ்கோர்.

கத்தரியில் ஒட்டிய வெள்ளைப் பெயிண்டை
ஊதிவிட்டுக் கேட்டாள்:
"ஸ்கோரா?
அப்ப ஜெயிக்கிறது யாரு, அக்கா?"