துளை வேண்டாம்

மருந்துச் சீட்டின் முதுகில்
படம் வரைந்து கொண்டுவந்தார் எலத்தகிரி இருதயநாதன்.
கப்பலில் எஞ்சின் ரூம் ஃபிட்டராக இருந்தவர்.
கிண்ணத்தின் உயரம், சுவரின் கனம், காம்பின் சாய்வு
எல்லாம் மில்லிமீட்டரில்.
கீழே கொட்டை எழுத்தில், அடிக்கோடிட்டு:
"துளை வேண்டாம்."

நிமிர்ந்து பார்த்தேன்.
கழுத்துத் துண்டை விலக்கிக் காட்டினார்.
ஒரு ரூபாய் வட்டம்.
அதன் வழியே மூச்சு வந்து போயிற்று,
பட்டறைத் தூசிக்குக் கொஞ்சம் இருமிக்கொண்டு.
சீட்டை வாங்கி எழுதினார்:
"டாக்டர் போட்டது ஒன்றே போதும்.
இது வாயில் வைக்க மட்டும்."

கட்டில் கால், பூரிக்கட்டை, ஸ்டூல்.
காவேரிப்பட்டணத்தில் என் கடசல் அதற்குள்தான் சுற்றும்.
சுங்கான் கடைந்ததில்லை என்றேன்.
"நானும் நெருப்பில்லாமல் பிடித்ததில்லை."

நாலுவழிச் சாலைக்கு விழுந்த புளியமரத்தின் வேர்க்கட்டை
இரண்டு வருடமாய்க் கதவுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.
அறுத்தால் உள்ளே ஈரல் நிறம்.
உளி மூன்று முறை மழுங்கியது.

உப்புத்தாள் நூற்றிருபது, இருநூற்றிருபது, நானூறு.
நானூறில் ஒரு குழி தலைகாட்டியது, கடுகளவு.
அரக்கு வைத்து மறைக்கலாம்.
நான் விற்ற கட்டில்களில் பாதி அப்படித்தான் நிற்கின்றன.
இதில் விட்டுவிட்டேன்,
கட்டைவிரலுக்கு ஓர் இடம் வேண்டுமே.
ஈரத்துணி பட்டதும் மரம் சிலிர்த்தது,
எண்ணூறில் அடங்கியது.
அஞ்செட்டித் தேன்மெழுகு. துணிச்சக்கரம்.

அப்போதும் அது வெறும் மரம்.
முனிரத்னா கடசல் பட்டறை ரசீதில்
என்ன பேர் எழுதுவது?
உப்பு ஜாடியா?

இரவு பத்துக்குக் கரண்ட் வந்தது.
மூன்றரை பிட்டை மாட்டினேன்.
காம்பின் முனையிலிருந்து அறுபது மில்லி,
கண்ணுக்குத் தெரியாத பாதை,
கிண்ணத்தின் அடியில் நட்டநடுவே போய்த் திறக்க வேண்டும்.
ஒரு நூல் ஏறினால் ஈரம் தங்கும்.
ஒரு நூல் இறங்கினால் அடி ஓட்டை.
மூச்சை நிறுத்திக்கொண்டு செலுத்தினேன்.
பிறகு வாய் வைத்து இழுத்தேன்.
மெழுகு வாசம், மரத்தூள்,
அப்புறம் காற்று, தடையே இல்லாமல்.
கெட்டித் தயிரில் கரித்தூள் குழைத்து
உட்சுவரில் பூசிக் காயவைத்தேன்,
நாளைக்கே தணல் விழப்போவது போல.

வியாழக்கிழமை வந்தார்.
வாயில் வைக்கவில்லை.
மூலையிலிருந்த துடைப்பத்தில் ஓர் ஈர்க்கை உருவிக்
காம்புக்குள் விட்டார்.
அடியில், நடுவில், அது எட்டிப் பார்த்தது.
இழுத்தார். மறுபடி விட்டார்.
கட்டைவிரல் கடுகுக் குழியில் நின்றது.

வெகுநேரம் கழித்துச் சீட்டை எடுத்தார்:
"துளைக்குத் தனிக் கூலியா?"
இல்லையென்று தலையசைத்தேன்.
மிச்சம் ஐம்பது ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு,
சுங்கானைக் கடைவாயில் கவ்வி,
ஸ்கூட்டரை உதைத்தார்.