கணுவுக்குக் கீழே

பிரிவினைப் பட்டியலில் ஹைட்ரேஞ்சியா இல்லை.
குளிர்பெட்டி அவருக்கு, கார் எனக்கு,
சோபாவை விற்றுக் காசைப் பாதியாக்குவது.
ஆறாம் பக்கத்தில் புல்வெட்டும் மெஷின்கூட இருந்தது.
வேலியோரம் என் தோளளவு நின்ற பற்றை
இரண்டு வழக்கறிஞர் கண்ணிலும் படவில்லை.

ஜூன் இரண்டாம் கிழமை தவநேசன் வாட்ஸ்அப்பில் கேட்டார்:
“அதைத் தோண்டிக்கொண்டு போகட்டோ?”
இப்ப தோண்டினால் செத்துப்போகும் என்றேன்.
முழுப் பொய் அல்ல.
“துண்டு வெட்டி வைக்கிறன். வந்து எடுங்கோ.”

கிச்சனரில் ஜூன் மாதம் ஐந்தரைக்கே வெளிச்சம்.
வெயில் ஏறமுன் வெட்டவேண்டும்,
தண்டில் நீர் நிரம்பியிருக்கும்போது.
பூக்காத கிளை,
வளைத்தால் டக்கென்று முறிகிற பருவம்.
கணுவுக்குக் கீழே ஒரு நெல்மணி தூரத்தில் கத்தரித்தேன்.
அடியிலைகளைக் கிள்ளி,
மேலிலை இரண்டையும் குறுக்கே பாதியாக நறுக்கி.
வேரில்லாத உயிருக்கு அகன்ற இலை வீண்செலவு.
மொட்டு வைத்த ஒன்றும் கைதவறி வந்துவிட்டது.
அந்த மொட்டைக் கிள்ளும்போது மட்டும்
யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினேன்.

ஐஸ் கோப்பி குடித்த பிளாஸ்டிக் கோப்பைகள்,
அடியில் ஊசித் துளை,
பாதி பேர்லைட், பாதி கடைமண்.
தண்டின் நுனியில் திருநீறு மாதிரி வேர்த்தூள்,
தட்டி உதறி, நட்டு, குமிழ்மூடி போட்டு.
மொத்தம் பதினைந்து.

ஏழை அவர் கொண்டுபோனார்,
முன்சீட்டில் பெட்டியோடு வைத்து, பெல்ட் போட்டு.
அந்த வளைவில் அவ்வளவு மெதுவாய் அவர் திரும்பி
நான் கண்டதில்லை.
சொல்லியனுப்பியது ஒன்றுதான்:
நாலு கிழமைக்கு இழுத்துப் பாக்காதேங்கோ.

மூன்றாம் நாள்:
“ஒண்டு கையோட வந்திட்டுது.”
ஆறாம் நாள்:
“இன்னும் ரெண்டு. வெறும் தண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.
பன்னிரண்டு வருஷம்
சாப்பாட்டு மேசையில், காரில், பல் தீட்டும்போது
“என்னில கோபமோ, கோபமோ” என்று
இழுத்து இழுத்துப் பார்த்த மனுஷன்.
கோபம் இல்லாத நாட்களிலும்
அந்தக் கேள்விக்குப் பிறகு இருந்தது.

என்னுடைய எட்டை மேற்கு யன்னலில் வைத்தேன்.
தொடவில்லை. மூடியைத் தூக்கவில்லை.
பெருமையாக, முப்பத்திமூன்று நாள்.
திறந்தபோது ஆறு காய்ந்து கருவாடு,
இரண்டு அடியில் கறுத்து வழுவழுப்பு.
வெயில் கண்ணாடியில் ஏறி அவித்திருக்கிறது.
ஒருதரம் எட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.
இதையும் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார்,
வேறு விஷயத்தில், கதவுக்கு வெளியே நின்று.

ஓகஸ்டில் ஒரு படம் வந்தது.
மங்கலான கோப்பை, அதன் உட்சுவரில்
தையல்நூல் மாதிரி வெள்ளையாய் ஒரு கோடு.
பெரிதாக்கினேன். இரண்டு கோடு.
“இழுக்கேல்லை. வெளியாலயே தெரியுது.”

சட்டி மாத்துங்கோ, என்று எழுதினேன்.
முதல் குளிரை வெளியில தாங்காது,
கராஜில வையுங்கோ.

“இது பத்தாம் மாடி. கராஜ் இல்லை.”

கராஜ் நாலாம் பக்கத்தில் எனக்கு எழுதப்பட்டது.
போய் லைட்டைப் போட்டேன்.
பனிவாரி, பழைய டயர், பெயின்ற் வாளி.
டயரை அரையடி தள்ளினால்
ஒரு சட்டிக்கு இடம் இருந்தது.
தள்ளினேன்.
பதிலை எழுதி, அனுப்பாமல்,
தாய்ப்பற்றைக்குத் தண்ணி விடப் போனேன்.