ஒலியைக் கூட்டியவர்கள்

எங்கள் வீட்டுக்கும் சன்னாசி வீட்டுக்கும் நடுவே
ஒரே பலகைச் சுவர்.
அதுவும் கூரையை எட்டாது.
மேலே விட்ட ஒரு முழ இடைவெளியில்
கருவாட்டு வாசம் போகும்,
விளக்கு வெளிச்சம் போகும்.
அங்கிருந்து அடி விழும் ஓசை
இங்கே வந்துவிடும்.

குலை ஏற்றும் லோரி வந்து நின்று
அரைமணி கழிந்திருக்கும்.
சம்சு போத்தல் தரையில் உருளும்.
அப்பா சோற்றுக் கையோடு எழுந்து
இடது விரலால்
ரேடியோவைக் கூட்டுவார்.
தைப்பிங்கிலிருந்து யாரோ
தங்கைக்குப் பிறந்தநாள் வாழ்த்தும்
பாட்டொன்றும் கேட்டிருப்பார்கள்.
அம்மா ரசம் ஊற்றுவாள்.
நான் ஏழாம் வாய்ப்பாடு எழுதுவேன்.
மூன்றாவது பாட்டு முடியும்போது
அந்தப் பக்கம் ஓய்ந்திருக்கும்.
அப்பா மறுபடி எழுந்து குறைப்பார்.

புஸ்பலீலாவுக்கு அப்போது ஒன்பது வயது.
தாய்க்காரி ஜொகூருக்குப் போனவள்
போனவள்தான்.
பள்ளி வேனில் என் பக்கத்து இருக்கை.
மார்ச் மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை.
யாரும் கேட்கவில்லை,
நானும் கேட்கவில்லை.
ஒரு காலை, செம்பனை வரிசைகளைப் பார்த்தபடி
முந்தைய இரவின் மூன்று பாட்டையும்
வந்த வரிசையிலேயே
சரணம் பிசகாமல் முணுமுணுத்தாள்.

பதின்மூன்றில் நலத்துறை வண்டி வந்து
சுங்கைப் பட்டாணிக் காப்பகத்துக்குக் கொண்டுபோனது.
அப்புறம் எல்லாம் துண்டு துண்டாய்த்தான் காதில் விழுந்தது.
சுவரேறிக் குதித்து ஓடிவிட்டாளாம்.
ஷா ஆலமில், பெட்ரோல் நிலையத்தில், இரவு வேலையாம்.
கிள்ளான் கல்யாணங்களில்
ஆட்டுக்கறி பரிமாறும் நேரத்துக்குப் பாடுகிறாளாம்,
ஒருவரும் நிமிர்ந்து பாராத மேடையில்,
நாலு வருசமாய்.
பிறகு ஒரு பாட்டு.
பீடோங்கில் எவன் போன் அடித்தாலும் அது.
பேரில் புஸ்பம் உதிர்ந்து லீலா நின்றது.
நெடுஞ்சாலை ஓரத்தில்
நாற்பது அடி உயரத்துக்கு
ஷாம்பு போத்தலோடு சிரித்தாள்,
கையில்லாத சட்டையில்.

டிவியில் கேட்டார்கள், யாரிடம் கற்றீர்கள் என்று.
"பக்கத்து வீட்டு ரேடியோகிட்ட.
நல்ல மனுசங்க.
எனக்குக் கேக்கட்டும்னே சத்தமா வைப்பாங்க."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
அந்தச் சிரிப்பை நிறுத்தி, பின்னால் ஓட்டி,
பதினோரு தடவை பார்த்துவிட்டேன்.
தெரிந்துதான் சொன்னாளா என்பது
இன்னும் தெரியவில்லை.
அப்பாவிடம் காட்டினேன்.
"ஆமா, நாமதான்" என்றார்,
நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து.

போன மாதம் பீடோங் டேவானில் அவள் கச்சேரி.
ஒலிபெருக்கியும் மேசையும் என்னுடையவை.
வாடகைக்கு விடுவதுதான் என் பிழைப்பு.
தலைவர் மைக்கைப் பிடுங்கி
ஈன்றெடுத்த தந்தையை மேடைக்கு அழைத்தார்.
சன்னாசிக்குப் பொன்னாடை.
நடுங்கும் கைகளால் அதை என்ன செய்வதென்று தெரியாமல்
மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார்.
அவள் காலில் விழவில்லை. விலகவுமில்லை.
மைக் கம்பத்தின் திருகைத் தளர்த்தி
உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

கீபோர்டு தொடங்கி, தபேலா சேர்ந்தது.
இரண்டு வரி பாடியவள் நிறுத்தினாள்.
நெற்றியில் கை வைத்து
விளக்குகளைத் தாண்டி என் மேசையைத் தேடினாள்.
"அண்ணே, மியூசிக்கக் கொஞ்சம் கொறைங்க."
குறைத்தேன்.
"இன்னும்."
மின்விசிறி சுற்றுவது கேட்டது.
யாரோ கச்சாங் பொட்டலம் பிரிப்பது கேட்டது.
"இன்னும் அண்ணே."
அடிவரைக்கும் இழுத்தேன்.
விரல் வியர்த்திருந்தது.

அவள் பாடினாள்,
வெறும் குரலில்,
தைப்பிங்கில் எவளோ ஒரு தங்கைக்காகக் கேட்ட பாட்டு.

மூன்றாம் வரிசையில் அப்பா
தலையைச் சாய்த்து
காதுக் கருவியைத் திருகி
ஒலியைக் கூட்டிக்கொண்டிருந்தார்.