மிதி, பிடி

"மிதி" என்கிறான் எர்மெக், காருக்கு அடியிலிருந்து.
மிதிக்கிறேன்.
"பிடி."
பிடிக்கிறேன்.
குழாயில் ஒரு செருமல்.
என் கால் தரைவரை இறங்குகிறது,
ஈரப் பஞ்சில் இறங்குவதுபோல.
"விடாதே!"
விட்டுவிட்டேன். நேற்றும் அப்படித்தான்.

ஐந்து மாலைகள். மூன்று பாட்டில் பிரேக் ஆயில்.
பிஷ்கெக் சந்தையில் வாங்கிய முன்சக்கர காலிப்பர் இரண்டும் புதுசு,
பேடுகள் புதுசு.
ஆடி கார் மட்டும் எங்கள் கல்யாணத்தைவிட மூத்தது.
நரினில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டு.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுகிறான்,
எல்லாமே வசவுபோலக் கேட்கிறது.
சில, வசவேதான்.

பக்கத்து வீட்டு ஜோல்தோஷ்
மாஸ்டர் சிலிண்டர் போச்சு என்றான்.
அவன் மச்சான், ரப்பர் ஹோஸ் உப்புகிறது என்றான்.
சூரியகாந்தி விதை கொறித்து
உமியை எங்கள் வாசலில் துப்பிவிட்டுப் போனார்கள்.
என்னை யாரும் கேட்கவில்லை.
நான் வெறும் கால்.

வியாழன் இரவு வார்டில் எனக்கு வேலை.
ஏழாம் கட்டில் லாரி ஓட்டுநருக்கு மருந்தேற்ற
சிரிஞ்சை நிமிர்த்திப் பிடித்து
நகத்தால் இரண்டு தட்டு தட்டினேன்.
குமிழி மேலே ஏறிப் போனது.
முனையில் ஒரு துளி நின்றது.
பதினாறு வருடமாகச் செய்கிறேன்,
அன்றுதான் கை அப்படியே நின்றது.
இதையே கவிழ்த்துப் பிடித்து அழுத்தினால்
மருந்தெல்லாம் போகும்,
காற்று மட்டும் உள்ளே குந்தியிருக்கும்.

"அக்கா, ஊசி?" என்றான் ஓட்டுநர்.

விடிந்ததும் கோட்டைக் கழற்றாமல் பனியில் மண்டியிட்டேன்.
இடது பக்கம்: காற்றுப் போக்கும் நிப்பிள் தரையைப் பார்க்கிறது.
வலது பக்கம்: அதுவும்.
இடத்தை வலத்தில் மாட்டியிருக்கிறான் மகராசன்,
வலத்தை இடத்தில்.

எழுப்பிச் சொன்னேன். நம்பவில்லை.
பூட்ஸில் வெறுங்காலை நுழைத்துக்கொண்டு வந்து பார்த்தான்.
ரொம்ப நேரம் பார்த்தான்.
பிறகு ஸ்பானரைத் தேடினான்.
அது என் கையில் இருந்தது.

மதியம், மாற்றிப் பூட்டியபின்,
அடியில் நான், மேலே அவன் கால்.
"பிடி" என்றேன். பிடித்தான்.
பாட்டிலில் குமிழிகள் கொத்துக் கொத்தாக,
பிறகு ஒன்றொன்றாக,
பிறகு வெறும் ஆயில்.
பெடல் பாதியிலேயே நின்றது, கல் மாதிரி.

இப்போது வேலியோரம் ஜோல்தோஷிடம் சொல்லிக்கொண்டிருக்கிறான்:
"சிலிண்டர் இல்லடா. காற்று."
எங்கே இருந்த காற்று என்று சொல்லவில்லை.

நாளை தோலோன் கணவாய் இறங்க வேண்டும். ஐஸ் இருக்கும்.
சாவியை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.