ஒரு சாண்

ருஸ்தாவி. ஜனவரி. இரண்டாம் ஷிஃப்ட்.
கண்ணாடியை நூலாக இழுத்து நெய்த துணி
ஒரு பக்கம் செங்காவியில் சிலிக்கான் பூச்சு
மறுபக்கம் வெறும் சாம்பல்.
சுருளின் ஓரத்தில் அச்சடித்திருக்கிறது:
இருநூற்றறுபது டிகிரி வரை.
அதற்கு மேல் என்ன ஆகும் என்று அச்சடிக்கவில்லை.
நுக்ஸார் ஒருமுறை பற்றவைத்துக் காட்டினான்.
பூச்சு வெளுத்து மாவாக உதிர்ந்தது,
நெசவு மட்டும் மீன்முள்போல் நின்றது.

என் வேலை கதவுகள்.
உலைக்கதவைச் சுற்றி ஓடும் பள்ளத்தில்
பீங்கான் இழைக் கயிற்றை வைத்து
மரச்சுத்தியலால் தட்டித் தட்டி இறக்கவேண்டும்.
பிறகு இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடுவேன்.
இழுத்தால் வரக்கூடாது.
வந்தால், மறுபடி முதலிலிருந்து.

கண்ணாடி இழை கையில் ஏறினால்
பச்சைத்தண்ணீரில்தான் கழுவவேண்டும்;
வெந்நீர் பட்டால் உள்ளே போய்க் குடியேறிவிடுமாம்.
எங்கள் வீட்டில் அந்தப் பயமில்லை.
ஒன்பது மாடிக்கும் சூடு அனுப்பிய கொதிகலனை
நான் பள்ளிக்கூடம் போகும்போதே
பழைய இரும்புக்கு எடைபோட்டுவிட்டார்கள்.
லாஷா இன்னும் ரேடியேட்டர்மேல்தான்
சாக்ஸ் காயப்போடுகிறான்.
காய்வதில்லை.

எட்டு மணி நேரம்
எஃகு தண்ணீராய் ஓடும் இடத்தில் நின்றுவிட்டு
ஏழாம் மாடியில் கோட்டோடு சூப் குடிப்பவள் நான்.

வெள்ளிக்கிழமை மிச்சக் கயிறு நாலு முழம்
இடுப்பில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன்.
காவலாளி ஸவூரி பார்த்தான்,
பார்த்துவிட்டு வானத்தைப் பார்த்தான்.
வெண்ணெய்க் கத்தியால் ஜன்னல் இடுக்கு முழுக்க
தட்டி இறக்கினேன்.
தாள் வைத்தேன். வரவில்லை.
மெழுகுவர்த்தி வைத்தேன், சுடர் அசையவில்லை.
பதினெட்டு வருஷத்தில் இவ்வளவு நல்ல வேலை
நான் செய்ததில்லை.
கேஸ் ஹீட்டரைப் பற்றவைத்து
கோட்டைக் கழற்றினேன்.

தலை வலிக்குது என்றான் லாஷா.
கணக்குப் பாடத்துக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன்.
கண்ணாடியில் வியர்வை ஓடியது.
எனக்கும் தூக்கம், நல்ல இதமான தூக்கம்.

கதவு இடிபட்டது.
பக்கத்து வீட்டு எத்தேரி, உப்புக் கேட்க வந்தவள்,
உப்புக் கேட்கவில்லை.
நேரே உள்ளே போய்க் கயிற்றின் நுனியைப் பிடித்து
ஆட்டுக்குடல் உருவுவதுபோல் உருவினாள்.
"மூன்றாம் வாசல்காரர்களை மறந்துவிட்டாயா?"
அவ்வளவுதான் சொன்னாள்.
குளிர், கடன்காரனைப் போல
நேராக என் முகத்துக்கு வந்தது.
லாஷா வாந்தியெடுத்தான், அழுதான்,
பிறகு பசிக்கிறது என்றான்.

இப்போது கீழ்மூலையில்
கயிறில்லாமல் ஒரு சாண்.
என் விரல்களால்தான் அளந்தேன்.
ராத்திரியெல்லாம் அங்கே காற்று
பல்லிடுக்கில் ஊதுவதுபோல் ஊதுகிறது.
லாஷா அதில் நோட்டுத் தாள் ஒட்டியிருக்கிறான்.
படபடத்தால் தூங்கலாம் என்பது ஏற்பாடு.
நான் இரண்டு முறை எழுந்து பார்க்கிறேன்.

திங்கள்கிழமை, நாலாம் நம்பர் உலை.
தாளை வைத்தேன், கதவை மூடினேன், இழுத்தேன்.
வரவில்லை.
கையெழுத்துப் போடுவதற்கு முன்
இன்னொரு முறை இழுத்தேன்,
ஏன் என்று நுக்ஸார் கேட்கவில்லை.